லீலா இல்லாத அருணோதயா

அக்ரஹாரம், மைசூர்
18-6-1995

அன்புள்ள அண்ணிக்கு,

"அண்ணி" என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வருஷம் "ஏய் லீலா" என்று கூப்பிட்டதெல்லாம் இனி கூடாதாம். கூட ஆடினவளாக இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டி அண்ணன் பெண்டாட்டிதானாம்.

அப்பாடா, உள்ளே போய்விட்டாள். லீலா, நீயும் அண்ணாவும் எப்படி இருக்கிறீர்கள்? நாக்பூர் வெயில் கொஞ்சம் தணிந்ததா? இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி.

நீ ரயில் ஏறி இரண்டு வாரந்தான் ஆகிறது. அதற்குள் ஊரில் எல்லோரும் நம் கிளப்புக்குக் காரியம் செய்துவிட்டார்கள். மூன்று வருஷமாகத் தொடர்ந்து தசரா கோப்பை வாங்கின அருணோதயா மகளிர் சாஃப்ட்பால் கிளப் இந்த வருஷம் முதல் சுற்றைக்கூடத் தாண்டாதாம். போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் தலைப்பே "லீலா இல்லாத அருணோதயா". பசம்மா மேடம் அதைக் கிழித்து, நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நாற்பது பெண்களை ஆட்டக்காரிகளாக்கின கோச் அவர். இதுவரை ஒரு பேப்பரையும் கிழித்து நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு மாமி கேட்கிறாள், "கேட்சர் போனால் என்னடி, பந்து பிடிக்க வேறு ஆளா இல்லை?" என்று. எனக்கு வந்த கோபம்! மாமி, கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் இருக்கிறாரே, அந்த மாதிரி. ஆனால் ஏழு இன்னிங்ஸும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தில் கம்பி மாஸ்க் மாட்டி, பிட்சர் போடுகிற ஒவ்வொரு பந்தையும் கையில் வாங்க வேண்டும். எந்தப் பந்து போடலாம் என்று விரலால் சைகை காட்ட வேண்டும். களம் முழுவதும் அவளுக்கு மட்டுந்தான் எதிரே தெரியும் என்றேன். மாமி "ஹௌதா, அப்படியா" என்று சொல்லிவிட்டுக் கோலப்பொடி டப்பாவைத் தேடப் போய்விட்டாள்.

உன்னை அண்ணாவுக்குக் கட்டிவைத்ததே நான்தான். அன்றைக்கே மேடம் சொன்னார், "உன் அண்ணனுக்குப் பெண் எங்கேயும் கிடைக்கும், எனக்குக் கேட்சர் எங்கே கிடைப்பாள்?" என்று. அண்ணாவின் பாங்க் இப்படிப் புரமோஷன் கொடுத்து நாக்பூருக்குத் தூக்கி அடிக்கும் என்று யார் கண்டது?

இப்போதைக்கு ஹரிதாவை உன் இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம். குதிரை மாதிரி ஓடுகிறாள். ஆனால் எதிரி மட்டையைச் சுழற்றினால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

பதில் போடு. அம்மாவின் ஆசீர்வாதம் இருவருக்கும்.

பிரதிபா

-----

நாக்பூர்
2-7-1995

அன்புள்ள பிரதிபா,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். மழை வந்துவிட்டது. அத்தையின் முழங்காலுக்கு நான் வாங்கி வைத்துவிட்டு வந்த தைலம் அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. தேய்க்கிறார்களா?

வீடு இரண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஒரு கல்லூரி மைதானம் தெரிகிறது. சாயந்தரம் பெண்கள் ஹாக்கி ஆடுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்பேன், பால் பொங்கிவிடும்.

பேப்பர்காரர்கள் எழுதினதை நினைத்துக் கவலைப்படாதே. ஒருத்தி போனால் முடிந்துபோகிற கிளப் இல்லை நம்முடையது. ஹரிதா கண்ணை மூடினால் திட்டாதீர்கள். எனக்கு முதல் வருஷம் மாஸ்க்குக்குள்ளே கண்ணீர் வரும், யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய், ஒன்றை எழுதவில்லை. நீ எப்படிப் பந்து போடுகிறாய்? எல்லோரும் கேட்சரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆட்டம் பிட்சர் கையில்தான் இருக்கிறது. அதை விவரமாக எழுது.

மேடத்துக்கு என் நமஸ்காரம் சொல்லு.

லீலா

-----

மைசூர்
23-7-1995

அன்புள்ள லீலா,

அம்மா தைலம் தேய்க்கிறாள். "என் மருமகளுக்கு இருக்கிற கரிசனம் பெண்ணுக்கு இல்லை" என்று சொல்லிக்கொண்டே தேய்க்கிறாள். அண்ணாவுக்கு வயிற்று உபாதை என்று போனில் சொன்னானாமே, தேவலையா?

ஹரிதா கதை முடிந்தது. போன சனிக்கிழமை என் பந்து எதிரி மட்டையின் விளிம்பில் பட்டு அவள் மாஸ்க்கில் மோதிற்று. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மாஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அக்கா, நான் எங்கே வேண்டுமானாலும் ஆடறேன், இங்கே மட்டும் வேண்டாம்" என்று ஒரே அழுகை. இனி அவள் அவுட்ஃபீல்டில் ஆடுவாள். அங்கே சந்தோஷமாக இருக்கிறாள்.

இனிமேல்தான் விஷயம். ஹெப்பாளில் எங்கள் தொழிற்சாலையில் பாப்பாயி என்று ஒருத்தி பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஹனூர்ப் பக்கம். இருபத்திரண்டு வயது. அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் கோயமுத்தூர்க்காரி என்றே நினைப்பாய். நான் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு பெட்டி மேல் ராக்கிலிருந்து சரிந்தது. நான் கத்துவதற்குள் அவள் கீழே உட்கார்ந்து, இரண்டு கையாலும் வாங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பெட்டிக்குள் இருந்த கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை.

"எங்கே பழகினே?" என்று கேட்டேன்.

"எங்கப்பன் தேங்கா யாவாரமுங்க. லாரி மேல இருந்து வீசுவாங்க, நான் கீழ நின்னு புடிப்பனுங்க. கீழ உளுந்து ஒடஞ்சா அடி உளுமுங்க."

அன்று சாயந்தரமே மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். மாஸ்க் மாட்டிக்கொண்டதும், "இது எதுக்குங்க, பந்து தெரிய மாட்டேங்குதே" என்றாள். மேடம் சிரித்ததை ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தோம்.

கண்ணை மூடவே மாட்டேன் என்கிறாள், லீலா. இமைகூட ஆடுவதில்லை. ஓடுகிறவளை மடக்க இரண்டாவது பேஸுக்கு அவள் எறிகிற எறி உன் எறியைவிட நேராகப் போகிறது. கோபித்துக்கொள்ளாதே.

மற்றபடி எல்லாம் வழக்கம்போல். அண்ணாவைக் கேட்டதாகச் சொல்லு.

உன்
பிரதிபா

-----

நாக்பூர்
10-8-1995

அன்புள்ள பிரதிபா,

நலமாக இருக்கிறோம். அவர் வயிறு சரியாகிவிட்டது. இப்போது சப்பாத்தி மாவுகூட அவர்தான் பிசைகிறார். அத்தையிடம் சொல்லிவிடாதே, என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ.

பாப்பாயியைப் பற்றிப் படித்துவிட்டு இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தேன். கோபம் எதற்கு? என்னைவிட நேராக எறிகிற ஒருத்தி அந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்குத்தானே பெருமை. என் பழைய நெஞ்சுக்கவசம் கிளப் பெட்டியில் கிடக்கிறது. அவளுக்குப் பெரிதாக இருந்தால் வாரை இரண்டு துளை உள்ளே இழுத்துக் கட்டு.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை. "வழக்கம்போல்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய். வழக்கம்போல் என்றால் எந்த வழக்கம்?

மழையில் தொண்டையைக் கவனித்துக்கொள். அத்தைக்கு என் நமஸ்காரம்.

லீலா

-----

மைசூர்
6-10-1995

அன்புள்ள லீலாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் சுகம். தசரா விருந்தாளிகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள்.

பேப்பரில் பார்த்திருப்பாயோ என்னவோ. இறுதிப் போட்டி வரை வந்து தோற்றுவிட்டோம். நான்குக்கு ஒன்று. பெங்களூர் அணி. வெளியே வரும்போது எத்தனை பேர் என்னிடம் வந்து, "லீலா இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தார்கள் தெரியுமா? நானும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

ஆனால் அது நிஜமில்லை. பாப்பாயி ஒரு பந்தைக்கூட விடவில்லை. நான் பந்து போடும்போதே அடுத்த பேஸுக்குத் திருடி ஓடப் பார்த்த மூன்று பேரை இரண்டாவது பேஸில் அவுட்டாக்கினாள். அடித்தது என் பந்தை. என் பந்தைத்தான் நன்றாகப் பார்த்து, நிதானமாக அடித்தார்கள்.

ஆட்டம் முடிந்து கால் அலம்பும்போது பாப்பாயி பக்கத்தில் வந்து நின்றாள். தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏனுங்க்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க எதுக்குங்க பாதி வேகத்துல போடறீங்க?"

"யார் சொன்னது பாதி வேகம் என்று?"

"கை சுத்தறது ஒரு வேகமுங்க, பந்து வர்றது ஒரு வேகமுங்க. பந்து வர்றதுக்கு இஷ்டமில்லாம வருதுங்க."

அவளைத் திட்டிவிட்டேன். நேற்று வந்தவள் எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வேண்டாம், நீ பார்க்காமல் இருந்ததே நல்லது.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டு சிரித்துப் பேச எனக்குத் தெரியாது. அண்ணா போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணினபோது அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டானாம். டிசம்பர் வரை நீ மைசூரிலேயே இருந்துகொள், நான் மட்டும் முதலில் போகிறேன் என்று அவன்தான் சொன்னானாம். நீதான் வேண்டாம், உடனே கூட வருகிறேன் என்றாயாம். டிசம்பரில் ஹாசனில் மாநிலப் போட்டி என்று உனக்குத் தெரியும். அங்கே வைத்துத்தான் கர்நாடக அணிக்கு ஆள் எடுப்பார்கள் என்றும் தெரியும். எனக்கு இருபத்தாறு வயது. அம்மா ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டாள், நான் ஆட இது கடைசி வருஷம். மாற்றல் வந்ததால்தான் போகிறாய் என்று சொன்னாயே, லீலா. ஏன் அப்படிச் சொன்னாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரதிபா

-----

மைசூர்
4-11-1995

அன்புள்ள லீலா,

ஒரு மாதம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தீபாவளிக்கு அண்ணா மட்டுந்தான் வாழ்த்து அனுப்பியிருந்தான். கீழே உன் கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான். உனக்கு உடம்பு சரிதானே? என் கடிதம் படித்து மனம் நொந்துபோயிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

அன்று பாப்பாயியிடம் எதற்காக அப்படிச் சீறினேன் என்று நானே யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம் என்பதால்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மண்டியாவில் ஆடினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஜெயித்தபிறகு நீ ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து கையுறையைக் கழற்றினாய். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். உன் இடது கை ஆள்காட்டி விரல் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாக இருந்தது. அதை நீ பல்லால் கடித்துப் பார்த்தாய். வலிக்கிறதா என்று பார்க்கத்தானே கடித்தாய்? என்னைப் பார்த்ததும் கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ இல்லை என்றுதான் சொல்லியிருப்பாய்.

மறுநாளிலிருந்து வேகத்தைக் குறைத்துவிட்டேன். முதலில் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். கையைச் சுற்றுகிற வேகத்தை மட்டும் மாற்றவில்லை, பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடாது என்று. பந்தை விடும்போது மணிக்கட்டைத் தளர்த்திவிடுவேன். வேகம் இல்லாமலேயே நீ காட்டின இடத்தில் போட்டு ஜெயித்தோம். உன் மூளையும் என் குறியும். மூன்று கோப்பையில் இரண்டை அப்படித்தான் வாங்கினோம்.

இப்போது நீ இல்லை. ஆனாலும் கை வேகமாகப் போட மறுக்கிறது. பாப்பாயி கையைப் பார்த்தால் உன் விரல்தான் தெரிகிறது.

இதை நான் உன்னிடம் எப்போதும் சொல்வதாக இல்லை. கோபத்தில் ஏன் போனாய் என்று கேட்டேனே, அந்தக் கேள்வியை விட்டுவிடு. ஒரு வரி மட்டும் எழுது.

பிரதிபா

-----

நாக்பூர்
13-11-1995

என் அன்புள்ள பிரதிபா,

எனக்கு உடம்பு சரிதான். உன் அக்டோபர் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதி நான்கையும் கிழித்தேன். எல்லாமே பொய்யாக இருந்தன. நேற்று வந்த கடிதத்துக்குப் பொய் எழுத முடியாது.

எனக்குத் தெரியும், பிரதிபா. மண்டியாவுக்குப் பிறகு வந்த முதல் பிராக்டிஸிலேயே தெரியும். ஏழு வருஷம் கையில் வாங்கின பந்து எனக்குத் தெரியாதா? பார்க்கிறவர்களை நீ ஏமாற்றலாம், என் உள்ளங்கையை ஏமாற்ற முடியுமா? அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். மறுநாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் எனக்கு ஆட வேண்டும். அதுதான் உண்மை. நீ விட்டுக்கொடுத்தாய், நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் பெங்களூர்த் தேர்வில் நடந்ததைக் கேள். கூடாரத்துக்குப் பின்னால் நான் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இரண்டு பேர் பேசினார்கள். "மைசூர்ப் பிட்சருக்குக் குறி நன்றாக இருக்கிறது, வேகந்தான் இல்லை. வேகம் பிறவியிலேயே வர வேண்டும்." உள்ளே போய் அவர்கள் காதில் கத்தியிருக்க வேண்டும், அவளுக்கு வேகம் இருக்கிறது, அது என்னால்தான் வெளியே வரவில்லை என்று. நான் போகவில்லை. என் பெயரைப் படித்தார்கள், உன் பெயரைப் படிக்கவில்லை. நான் கர்நாடகச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். நீ தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாய். அந்தச் சோற்றை நான் சாப்பிடவில்லை. உனக்குத் தெரியாது.

ஏப்ரலில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அடிபட்டு அடிபட்டு விரலுக்குப் போகிற ரத்தக்குழாய் நசுங்கிவிட்டதாம். இன்னும் ஆடினால் விரலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். கைக்காக மட்டும் என்றால் நான் டிசம்பர் வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருப்பேன். இரண்டு வருஷம் தாங்கின விரல் இன்னும் ஆறு மாதம் தாங்காதா? ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருக்கிற வரை நீ மெதுவாகத்தான் போடுவாய். ஹாசனிலும் மெதுவாகப் போடுவாய். உன் கடைசி வருஷமும் போய்விடும். அதனால்தான் உடனே கிளம்பினேன். மாற்றல் நல்ல சாக்காக வந்தது.

முன்னாலேயே சொல்லியிருக்கலாம் என்று நீ கேட்பாய். கை இப்படி ஆனது உன் பந்தால் என்று தெரிந்தால் நீ பந்தையே தொட மாட்டாய் என்று பயந்தேன். அது உன் தப்பில்லை. ஒவ்வொரு பந்தையும் நான் சைகை காட்டித்தான் வரவழைத்தேன்.

இப்போது பாப்பாயிக்கு வருகிறேன். அவள் கை வேறு, என் கை வேறு. எனக்கு இருந்த கையுறை உள்ளே பஞ்சு தேய்ந்துபோன பழைய கையுறை. புதிது வாங்கச் சொல்லி மேடம் எத்தனை முறை சொன்னார், ராசியான கையுறை என்று நான்தான் விடவில்லை. அவளுக்குப் புதிதாக வாங்கிக் கொடுங்கள், உள்ளே ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளட்டும். நாளைக்கே அவளிடம் போய் மன்னிப்புக் கேள். கேட்டுவிட்டுப் போடு. உன்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு வேகமாகப் போடு.

அத்தைக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம்.

உன்
லீலா

-----

மைசூர்
5-1-1996

அன்புள்ள லீலா,

புத்தாண்டு வாழ்த்து. நீயும் அண்ணாவும் சுகந்தானே? உன் விரலுக்கு அங்கே நல்ல டாக்டராகப் பார்த்தாயா? முதலில் அதற்குப் பதில் எழுது.

உன் கடிதத்தை ஹெப்பாள் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. வேலைக்கு முக்கால் மணி லேட். நேராகப் பேக்கிங் பிரிவுக்குப் போய், எல்லோர் எதிரிலும் பாப்பாயியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, அத நான் அன்னிக்கே மறந்துட்டனுங்க்கா" என்றாள். மறக்கவில்லை, கண் கலங்கிற்று.

அன்று சாயந்தரம் போட்டேன், லீலா. முதல் பந்து அவள் தலைக்கு மேலே போய்ச் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்தது. இரண்டாவது தரையில் மோதிற்று. இரண்டு வருஷம் பழக்காத வேகம், எங்கே போகும் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு வாரம் ஒன்றும் சரியாக வரவில்லை. ஹரிதா முதல்கொண்டு எல்லோரும் சுவருக்கு வெளியே பந்து பொறுக்கினார்கள். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஒரு பந்து போய்ப் பாப்பாயி கையுறையில் நடுவாக உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கை எல்லாம் எழுந்து பறந்தன. பாப்பாயி மாஸ்க்கைத் தூக்கிவிட்டுக் கத்தினாள், "இப்பத்தானுங்க வந்திருக்குது!"

மேடம் கிட்டே வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கன்னடத்தில் மெதுவாக, "இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தாய்?" என்று கேட்டார். நான் குனிந்து அடுத்த பந்தை எடுத்தேன்.

ஹாசனில் ஜெயித்துவிட்டோம். இறுதிப் போட்டியில் அதே பெங்களூர் அணி. இரண்டுக்குப் பூஜ்யம். ஏழு இன்னிங்ஸில் பதின்மூன்று பேரை மட்டையில் படாமலே அனுப்பினேன். தசராவில் என் பந்தை நாலாபக்கமும் அடித்த உயரமான பெண் ஒருத்தி, மூன்றாவது முறை அவுட்டாகிப் போகும்போது என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கர்நாடக அணியில் என் பெயரும் இருக்கிறது, லீலா. பட்டியலைப் படிக்கும்போது எனக்குக் காது அடைத்துவிட்டது, பாப்பாயிதான் என்னைக் கிள்ளிச் சொன்னாள். அவளும் இருக்கிறாள், இரண்டாவது கேட்சராக. தேசியப் போட்டி பிப்ரவரியில் அமராவதியில். உன் ஊருக்குப் பக்கந்தானாமே?

அம்மாவைப் பற்றிக் கேட்டால் சிரிப்பாய். பேப்பரில் என் போட்டோ வந்தது, கையைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு, பார்க்கச் சகிக்காத முகம். அம்மா பத்துப் பிரதி வாங்கி வெட்டி வைத்திருக்கிறாள். இனி யாருக்கு ஜாதகம் அனுப்பினாலும் கூடவே இதையும் அனுப்புவாளாம். "இதைப் பார்த்துப் பயப்படுகிறவன் நம் வீட்டு வாசலுக்கு வரவேண்டாம்" என்கிறாள். நம் அம்மாதான்!

எல்லாம் உன்னால் என்று எழுதினால் திட்டுவாய். எழுதவில்லை.

பிரதிபா

-----

நாக்பூர்
14-1-1996

அன்புள்ள பிரதிபா,

பொங்கல் வாழ்த்து. அத்தைக்கும் உனக்கும் இனிப்புப் பார்சல் தனியாக வருகிறது.

நீ கேட்டதற்கு முதலில் பதில். இங்கே பார்த்த டாக்டர், ஓய்வு கொடுத்ததால் ரத்த ஓட்டம் திரும்பிக்கொண்டிருக்கிறது, விரலுக்கு ஆபத்து இல்லை என்றார். குளிரில் மரத்துப்போகும். அவ்வளவுதான்.

உன் கடிதத்தை உரக்கப் படி என்றார் உன் அண்ணா. பதின்மூன்று என்ற இடத்திலேயே நின்று அதையே மறுபடி மறுபடி படித்தேன். மீதியை அவர் வாங்கிப் படித்தார். மாடிக்குக் கீழே குடியிருக்கிற மராத்திக்காரப் பெண்மணியிடம் போய், "என் நாத்தனார் கர்நாடகாவுக்கு ஆடுகிறாள்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் என்ன ஆட்டம் என்று கேட்டார். முற்றத்தில் உட்கார்ந்து காட்டினேன். கூட்டம் கூடிவிட்டது.

அமராவதிக்கு வருகிறோம்.

லீலா

-----

நாக்பூர்
21-2-1996

அன்புள்ள பிரதிபா,

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? அத்தை உன் வெண்கலப் பதக்கத்தை எத்தனை பேருக்குக் காட்டி முடித்தார்கள்?

நீங்கள் ரயில் பிடிக்கிற அவசரத்தில் ஐந்து நிமிஷந்தான் பேச முடிந்தது. அதையும் நாம் இரண்டு பேரும் அழுதே தீர்த்துவிட்டோம். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

அரையிறுதியில் பஞ்சாபிடம் ஒரே ஓட்டத்தில் தோற்றதைப் பற்றி நீ வருத்தப்படக்கூடாது. அது யாரோ கைதவறிக் கீழே விட்ட பந்தால் போன ஓட்டம், உன் பந்தை அடித்து எடுத்தது இல்லை. மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில்தான் நான் இடம் மாறி உட்கார்ந்தேன். கேட்சருக்கு நேர் பின்னால், வலைக்கு வெளியே. மூத்த கேட்சருக்குக் கணுக்கால் சுளுக்கு, அதனால் பாப்பாயி உட்கார்ந்திருந்தாள். நீ கையைச் சுற்றினாய். பந்து எப்போது கிளம்பிற்று என்று நான் பார்க்கவில்லை. சத்தந்தான் கேட்டது.

உன் அண்ணா என் பக்கம் திரும்பி, "இதையா நீ இத்தனை வருஷம் கையில் வாங்கினாய்?" என்றார்.

"இல்லை, இதை நான் வாங்கவே இல்லை" என்றேன்.

நிஜமாகத்தான். உனக்கு இருபத்து நான்கு வயதில் இருந்த வேகம் இல்லை இது. இது புதிது. இப்படிப்பட்ட பந்து உனக்குள் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. பாப்பாயியின் கை பின்னால் போய்ப் போய் வந்தது. அவள் இமை ஆடவில்லை. என் இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது அவள் இடம்.

என் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். நீ போடுவதற்கு முன்பே நான் இங்கிலீஷில் "வெளியே, தாழ்வாக" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேனாம். ஒவ்வொன்றும் சரியாக இருந்ததாம். ஆட்டம் முடிந்ததும் யார் நீ என்று விசாரித்தார். விதர்பா அம்பயர் சங்கத்தின் செயலாளர் அவர். பெண் அம்பயர் என்று அவர்களிடம் இருப்பதே இரண்டு பேர்தானாம். ஏப்ரலில் நாக்பூரில் பரீட்சை வைக்கிறார்கள். பணம் கட்டிப் பெயரும் கொடுத்துவிட்டேன். விதிப்புத்தகம் மேஜை மேல் திறந்து கிடக்கிறது. நேற்று ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டேன்.

யோசித்துப் பார், கேட்சருக்குப் பின்னால் குனிந்து நிற்கிற ஒரே ஆள் அம்பயர்தான். அங்கே கையே வேண்டாம், கண் போதும்.

அடுத்த வருஷம் தேசியப் போட்டியில் நீ ஆடுவாய். கடைசி வருஷம் என்கிற பேச்சை இனி எடுக்காதே. நான் அங்கே நிற்கும்படி ஆனால் ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள். பந்து மட்டைக்காரி நிற்கிற ஹோமை விட்டு ஒரு விரற்கடை விலகிப் போனாலும் தப்புப் பந்து, "பால்" என்றுதான் சொல்வேன். நாத்தனாராச்சே என்று பார்க்க மாட்டேன். நீயும் என்னை முறைத்துப் பார்க்கக்கூடாது.

பாப்பாயியை அணைத்துக்கொண்டதாகச் சொல்லு. மேடத்துக்கும் அத்தைக்கும் நமஸ்காரம்.

லீலா